'சாரி' சொன்னால் போதுமா? கடையிலும் கடிதத்திலும் ஆங்கில மன்னிப்பு

மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு காத்து நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கி தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கும். அறிவித்துவிட்டு, ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துவதாகவும் சொல்லும். 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்' என்ற அந்த ஆங்கில வாக்கியம், பள்ளிக்கூடம் போகாத சுமைதூக்கும் தொழிலாளிக்குக்கூட மனப்பாடம். ஆனால் அதைக் கேட்டு மனம் ஆறிய பயணி ஒருவரைக்கூட நாம் பார்த்ததில்லை. அந்த வாக்கியத்தில் வருத்தம் இருக்கிறது. வருந்துகிறவர் யார் என்பது இல்லை. எதற்காக வருத்தம் என்பதும் இல்லை.

ஜப்பானில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 14-ம் தேதி, டோக்கியோ பக்கம் ஓடும் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று குறித்த நேரத்துக்கு 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. 20 நிமிடம் அல்ல, 20 விநாடிதான்! எந்த நிலையத்தில், எந்த வண்டி, எத்தனை விநாடி முன்னதாகக் கிளம்பியது, ஊழியர் நேரத்தைச் சரிவரக் கவனிக்காததுதான் காரணம் என்பதையெல்லாம் விவரமாக எழுதி, ரயில் கம்பெனி தன் பெயரிலேயே மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதைச் செய்தியாக வெளியிட்டன. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் அந்தக் கம்பெனியை மறக்கவில்லை என்பதுதான் வியாபாரிக்கு வேண்டிய விஷயம்.

அந்த அளவு நுணுக்கம் நம் கடைக்கு வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் நமக்கு வருவதே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சித்திரை வீதிகளில் கடை வைத்திருப்பவருக்கு வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். ராமேஸ்வரம் போகும் வழியில் வடநாட்டு யாத்ரீகர்கள் கும்பல் கும்பலாக வருகிறார்கள். அண்ணா நகர்ப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் அயல்நாட்டு டாக்டர்கள் பாலும் பழமும் வாங்க நம் கடைகளுக்குத்தான் வர வேண்டும். கீழமாசி வீதி மொத்த வியாபாரிக்கோ சீரகத்துக்கு குஜராத்தின் உஞ்சா, மிளகாய்க்கு குண்டூர், துவரைக்குக் குல்பர்கா, அகோலா என்று நாலு மாநிலத்தோடு பேச்சு. அவர்களுக்குத் தமிழ் வராது, நமக்கு இந்தி பாதிதான் வரும். கடைசியில் இரு தரப்பும் ஆங்கிலத்தில்தான் வந்து நிற்கிறோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் சில்லறைக் கடை நடத்துபவருக்கும் இப்போது கம்பெனிகளின் கஸ்டமர் கேர், வங்கியின் ஆங்கிலக் குறுஞ்செய்தி என்று ஏதோ ஒரு வழியில் ஆங்கிலம் கடைக்குள் வந்துவிடுகிறது.

சாதாரண நாட்களில் நம் ஆங்கிலம் தாராளமாகப் போதும். விலை சொல்லவும் எடை சொல்லவும் யாரும் இலக்கணம் கேட்பதில்லை. புதுமண்டபத்தில் இருந்த தையற்கடைக்காரர்கள் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசியே ஆங்கிலம் கற்றவர்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. சிக்கல் வருவது தவறு நேரும்போதுதான். கால் கிலோ குறைந்துவிட்டது, காலாவதியான பிஸ்கட் போய்விட்டது, சொன்ன நாளில் லாரி சேரவில்லை. அந்த நேரத்தில்தான் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வழக்கத்தில் கல்லாவில் இருப்பவர் 'மன்னிப்பு' என்ற சொல்லையே எடுப்பதில்லை. சினிமாவிலும் கோர்ட்டிலும் கேட்கிற சொல் அது. எடை குறைந்தது என்று தெரிந்தால், "அடடா, பையன் கவனிக்கலை. தப்பா நினைக்காதீங்கக்கா" என்று சொல்லி, குறைந்ததைப் போட்டு, மேலே ஒரு கை கொசுறும் போடுவோம். அக்காவும் "இருக்கட்டும் அண்ணாச்சி, அதனால என்ன" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொசுறுதான் அங்கே மன்னிப்பு. இதில் குறை ஒன்றும் இல்லை. இன்னும் சொன்னால், வெறும் வாய்ச் சொல்லைவிட இது உயர்ந்தது என்பதே நம் கட்சி.

ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் காதுக்கு இது எட்டாது. அவர் 'சாரி' என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார். அது வராமல் நாம் பேசாமல் சரக்கை மாற்றிக் கொடுத்தால், மாட்டிக்கொண்டதால் கொடுக்கிறார் என்று நினைப்பார். 'பையன் செய்த தவறு' என்று தொடங்கினால், பழியைத் தள்ளிவிடுகிறார் என்று நினைப்பார். கொசுறு போட்டால், ஏன் இந்த அதிகப்படி என்று விழிப்பார். ஆகவே ஈடு செய்வதை நாம் விட வேண்டியதில்லை. அதற்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பதில் நம்மிடையே குழப்பம் நிறைய இருக்கிறது.

'எக்ஸ்க்யூஸ் மீ'யும் 'சாரி'யும்

'எக்ஸ்க்யூஸ் மீ' என்பது தொந்தரவு செய்வதற்கு முன்னால் சொல்வது. 'சாரி' செய்த பிறகு சொல்வது. கூட்டமான கடையில் வாடிக்கையாளரைத் தாண்டி அலமாரிக்குப் போக வேண்டுமானால் 'எக்ஸ்க்யூஸ் மீ, மேடம்'. போகும்போது அவர் காலை மிதித்துவிட்டால் 'சாரி, மேடம்'. மிதித்துவிட்டு 'எக்ஸ்க்யூஸ் மீ' என்பது பொருந்தாது. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டால், எடுப்பதற்கு முன் 'எக்ஸ்க்யூஸ் மீ, ஒன் மினிட்' என்று சொல்லிவிட்டு எடுங்கள். இது மரியாதை. நம் ஊரில் கேட்காமல் எடுத்துவிடுகிறோம். ஊர்க்காரர் பொறுத்துக்கொள்வார்; வெளியூர்க்காரருக்கு அது அவமதிப்பாகப் படும்.

'சாரி' என்பதைக் கேள்வி போலக் கடைசியில் ஏற்றி, 'சாரீ?' என்று சொன்னால் அது மன்னிப்பே அல்ல. 'என்ன சொன்னீர்கள், இன்னொரு தரம் சொல்லுங்கள்' என்று பொருள். 'பார்டன்?' என்பதும் அதேதான். நாம் 220 ரூபாய் என்று சொல்லி, அவர் 'சாரீ?' என்று கேட்டால், விலை கட்டவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறார் போலும் என்று எண்ணி, பத்து ரூபாய் குறைத்துவிட வேண்டாம். காதில் விழவில்லை, அவ்வளவுதான். நிதானமாகத் திரும்பச் சொன்னால் போதும்.

இதைவிட வேடிக்கை, நம் 'சரி'யும் அவர்கள் 'சாரி'யும் செய்கிற கூத்து. வாடிக்கையாளர் குறை சொல்லச் சொல்ல, நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட "சரி, சரி" என்று தலையாட்டுவோம். தமிழ் தெரியாதவர் காதில் அது 'சாரி, சாரி' என்றே விழும். இவர் தவறை ஒப்புக்கொண்டுவிட்டார், பணம் திரும்ப வரப்போகிறது என்று அவர் நிற்பார். பிறகு நாம் "அது எங்க தப்பில்லை சார்" என்று தொடங்கினால் அவருக்குத் தலை சுற்றும். ஜவுளிக் கடையில் இன்னும் ஒரு படி அதிகம். 'சாரி' என்று வெள்ளைக்கார அம்மாள் விலகிப் போக, 'சாரியா, வாங்க' என்று பத்துப் புடவையை விரித்துப் போட்ட கதை பழைய கதை. ஆங்கிலம் பேசும் வாடிக்கையாளர் எதிரில் 'எஸ்' என்றோ 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்றோ சொல்லிப் பழகுவது நல்லது. பின்னதற்கு 'புரிகிறது' என்றுதான் பொருள். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஆகிவிடாது.

சரி, தவறு நம்முடையதுதான் என்று தெரிந்துவிட்டது. என்ன சொல்வது? வெறும் 'சாரி' கால் மிதிக்கு மட்டுமே போதும். சரக்கில் தவறு நேர்ந்தால் எது தவறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஐ ஆம் சாரி, சார். தி வெயிட் இஸ் ஷார்ட். ஐ வில் கிவ் யூ தி பேலன்ஸ் நௌ.' எடை குறைந்துவிட்டது, மீதியை இப்போதே தருகிறேன். மூன்று சிறு வாக்கியங்கள்; ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம். 'ஐ ஆம் சாரி, மேடம். திஸ் பேக்கெட் இஸ் ஓல்டு. ஐ வில் சேஞ்ச் இட்.' இதற்கு மேல் வேண்டாம். முக்கியமாக 'பட்' வேண்டாம். 'சாரி, பட் கம்பெனி ஒன்லி ராங்' என்று இழுத்தால் முன்னால் சொன்ன 'சாரி' அடிபட்டுப் போகும். 'சாரி, இஃப் யூ ஆர் ஆங்ரி' என்பதும் அப்படியே. நீங்கள் கோபப்பட்டால் அதற்கு வருத்தம் என்று சொன்னதாகிவிடும். தவறு அவர் கோபத்தில் இருக்கிறது என்று பொருள் வரும்.

'சாரி ஃபார் தி லேட்' என்பது நம்மிடையே சகஜம். 'சாரி ஐ ஆம் லேட்' அல்லது 'சாரி ஃபார் தி டிலே' என்பதே சரி. 'கைண்ட்லி அட்ஜஸ்ட்' என்றால் நம் நாட்டில் எங்கும் புரியும். நம் நாட்டைத் தாண்டியவருக்குப் புரியாது. எதையோ திருகிச் சரி செய்யச் சொல்கிறோம் என்று நினைப்பார். 'ப்ளீஸ் வெயிட் ஃபைவ் மினிட்ஸ்' என்று நேராகச் சொல்லிவிடலாம். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடமாக இருக்கட்டும்!

அவர் நம்மிடம் கேட்டால்

வெளிநாட்டவர் சில்லறை இல்லாமல் 500 ரூபாய் நோட்டை நீட்டும்போது தானாகவே 'சாரி' சொல்வார். அதற்கு நாம் 'நோ மென்ஷன்' என்கிறோம். இது இரண்டு வகையில் தவறு. சரியான வழக்கு 'டோன்ட் மென்ஷன் இட்'. அதுவும் 'தேங்க் யூ'வுக்குச் சொல்லும் பதில். 'யூ ஆர் வெல்கம்' என்பதும் நன்றிக்கான பதிலே. 'சாரி'க்கு 'தட்ஸ் ஆல் ரைட்', 'நோ ப்ராப்ளம்', 'இட்ஸ் ஓகே' இவற்றில் எதையும் சொல்லலாம். ஒன்றுமே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால், நம் தலையாட்டல் ஆம் என்பதா இல்லை என்பதா என்று அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்து ஒன்று சொல்லிவிடுவது உத்தமம்.

ஓர் எச்சரிக்கை. அவர் கேட்ட சரக்கு நம்மிடம் இல்லை என்று நாம் 'சாரி' சொல்லும்போது அவர் 'நெவர் மைண்ட்' அல்லது 'இட்ஸ் ஓகே' என்று சொன்னால், மனக்குறை இல்லை என்பது மட்டும் பொருளல்ல. 'விடுங்கள், நான் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன்' என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த நொடியிலேயே 'டுமாரோ ஐ வில் கெட் இட்' என்று சொன்னால் ஒருவேளை நிற்பார்.

பழகிய வாடிக்கையாளர் ஒருவர் தன் தகப்பனார் காலமானதைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அதற்கும் 'ஐ ஆம் சாரி' என்றே சொல்ல வேண்டும். நாம் என்ன தவறு செய்தோம் என்று தயங்க வேண்டாம். அந்தச் சொல்லின் பழைய வேருக்குப் புண், வலி என்றே பொருள். உங்கள் துக்கத்தில் எனக்கும் வலிக்கிறது என்பது கருத்து. தமிழில் வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு; ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்' என்று சொன்னால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் சட்டத்திலும் தகராறு வந்திருக்கிறது. வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயந்து, மேலை நாடுகளில் டாக்டரும் கம்பெனிக்காரரும் வாயே திறப்பதில்லை என்ற நிலை ஏற்பட்டது. நம் தமிழ் மக்கள் பெருவாரியாகக் குடியேறியிருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்காகவே 2009-ல் மன்னிப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒருவர் 'சாரி' சொன்னார் என்பதை சிவில் வழக்கில் தவறை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்பது அதன் சாரம்.

எழுத்தில் வரும்போது

கல்லாவில் சொல்வது காற்றோடு போகும். கடிதத்திலும் மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் சொல்வது நிற்கும். மொத்த வியாபாரிகள் இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

பாக்கி வைத்திருக்கும் ஒருவர், 'வி ஆர் சாரி ஃபார் தி டிலே இன் பேயிங் யுவர் பேலன்ஸ்' என்று கையெழுத்திட்டு எழுதுகிறார். பார்த்தால் வெறும் மரியாதை வார்த்தை. ஆனால் 1963-ம் வருடத்திய காலவரையறைச் சட்டத்தின் 18-வது பிரிவு என்ன சொல்கிறது? கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்பது கணக்கு. இரண்டே முக்கால் வருடத்தில் இப்படி ஒரு 'சாரி' வந்தால், மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். தொகையைக் குறிப்பிடவில்லை என்றாலும் செல்லும். இப்போது தர முடியாது என்று சேர்த்து எழுதியிருந்தாலும் செல்லும். பணம் வர வேண்டியவர்கள் அத்தகைய கடிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வையுங்கள். பணம் தர வேண்டியவர்கள் கணக்கைச் சரிபார்த்த பிறகே அப்படி எழுதுங்கள். நியாயமான பாக்கிக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தகராறில் இருக்கும் பாக்கிக்கு, 'வி ஆர் செக்கிங் தி அக்கவுண்ட், வி வில் ரிப்ளை பை மண்டே', அதாவது கணக்கைப் பார்க்கிறோம், திங்கட்கிழமைக்குள் பதில் தருகிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரக்கில் குறை இருந்து நாம் எழுத வேண்டியிருந்தால், கடித வழக்கில் 'சாரி'யைவிட 'ரெக்ரெட்' என்ற சொல் பொருந்தும். ரயில்வே பாணியில் வேண்டாம். 'வி ரெக்ரெட்' என்று நம்மை முன்னிறுத்தித் தொடங்க வேண்டும். 'வி ரெக்ரெட் தட் டூ பேக்ஸ் வேர் டேமேஜ்டு. வி ஆர் சென்டிங் எ கிரெடிட் நோட்.' இரண்டு மூட்டை சேதமானதற்கு வருந்துகிறோம், கிரெடிட் நோட் அனுப்புகிறோம். மொத்த வியாபாரத்தில் கிரெடிட் நோட்டைவிட நல்ல மன்னிப்புக் கடிதம் கிடையாது என்போம். 2017-ம் வருட மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவு, சரக்கு திரும்பி வந்தாலும், குறைவாக இருந்தாலும், பில்லில் அதிகம் போட்டுவிட்டாலும் கிரெடிட் நோட் போட இடம் தருகிறது. வரியையும் குறைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் ரிட்டர்னில் காட்டிவிட வேண்டும். வாயால் 'சாரி' சொல்லி அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்கள் இந்தத் தேதியில்தான் கோட்டை விடுகிறார்கள்.

சில்லறைக் கடைகளில் இன்னும் சிலர் பில்லின் அடியில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் என்பது கணக்கு. அந்த வரியை அச்சடித்த பில்லைக் கையில் கொடுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக 'சாரி' சொன்னாலும், எடுபடாது.

கடைசியாக, சரக்கு அனுப்பியவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்கும் கட்டம். உஞ்சாவிலிருந்தோ அகோலாவிலிருந்தோ வாட்ஸப்பில் 'சாரி பாய், குவாலிட்டி லிட்டில் லோ' என்று வருகிறது. நம் ஆட்கள் நல்ல மனசோடு 'நோ ப்ராப்ளம்' என்று பதில் போட்டுவிடுகிறார்கள். கட்டைவிரல் படம் வேறு! 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, சரக்கை ஏற்றுக்கொண்டதாக வாங்கியவர் தெரிவித்துவிட்டாலோ, மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, அவர் அதை ஏற்றுக்கொண்டவர் ஆகிவிடுகிறார். வாட்ஸப் செய்திகளும் கோர்ட்டில் சான்றாக வைக்கப்படுகிற காலம் இது. நாளைக்குத் தள்ளுபடி கேட்கும்போது, நீங்கள்தானே 'நோ ப்ராப்ளம்' என்றீர்கள் என்று எடுத்துக் காட்டினால் நாம் என்ன சொல்வது?

அதற்காகச் சண்டைக்காரரைப் போல எழுதவும் வேண்டாம். 'தேங்க் யூ ஃபார் டெல்லிங் அஸ். வி வில் செக் தி ஸ்டாக் அண்ட் இன்ஃபார்ம் யூ டுடே.' தெரிவித்ததற்கு நன்றி, சரக்கைப் பார்த்து இன்றே சொல்கிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்த்து, போட்டோ எடுத்து, கழிவு எவ்வளவு என்று எழுதி, அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கிரெடிட் நோட் கைக்கு வந்த பிறகு, 'ரிசீவ்டு வித் தேங்க்ஸ். தட்ஸ் ஆல் ரைட் நௌ' என்று ஒரு வரி போட்டால், அடுத்த லோடுக்கு விலை பேசத் தொடங்கலாம்.